பணம் வேறு, இடம் வேறு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் எட்மன்டன் ஆயிலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி, சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அதே ஆகஸ்டில் ஃபிலிப் புரோபெர்க், டிலன் ஹாலோவே என்ற இரண்டு இளம் வீரர்களை செயின்ட் லூயிஸ் புளூஸ் அள்ளிக்கொண்டு போனது, எட்மன்டன் தடுக்கவில்லை. “முதலாளி பெரும் பணக்காரர், அரங்கம் நிரம்பி வழிகிறது, அப்புறம் என்ன பணப் பஞ்சம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கோடை வந்தால் போதும், “இந்த அணிக்கு இத்தனை மில்லியன் இடம் இருக்கிறது” என்று, அதாவது சம்பள வரம்புக்குள் இன்னும் இத்தனை செலவழிக்கலாம் என்று எல்லாரும் பேசுகிறார்களே, அந்த இடம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. கையில் பணம் இருக்கும் அணி ஏன் அதைச் செலவழிக்க முடிவதில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஐஸ் ஹாக்கி ஒப்பந்தங்களின் கணக்கைப் பல வருடங்களாகப் பின்தொடர்கிறேன். எந்த அணியின் அலுவலகத்துக்குள்ளும் உட்கார்ந்தவன் அல்ல. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். சம்பளச் சண்டையால் இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்க லீக்கான என்ஹெச்எல்லில் 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்த முடக்கம் தீர்ந்தபோது வந்ததுதான் சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கெல்லாம் சேர்த்துச் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை. 2005-06இல் ஓர் அணிக்கு 39 மில்லியன் டாலர். அமெரிக்கக் கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் பணக்கார அணிகள் அளவுக்கு மேல் செலவழித்துவிட்டு அதற்கான வரியைக் கட்டிவிடும். இங்கே அந்த வாசல் கிடையாது. சீசன் தொடங்கும் நாளில் முதலாளி யாராக இருந்தாலும் வரம்புக்குள் நிற்க வேண்டும். அடியிலும் ஒரு கோடு உண்டு: 2025-26இல் மேல் வரம்பு 95.5 மில்லியன் என்றால், குறைந்தபட்சம் 70.6 மில்லியன் செலவழித்தே தீர வேண்டும். லீக்கின் ஹாக்கி வருமானத்தை முதலாளிகளும் வீரர்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. அந்த வருமானத்தோடு சேர்ந்துதான் வரம்பு ஏறும், நிற்கும்.

இதில் வெளியிலிருந்து பார்ப்பவரைக் குழப்புவது, கணக்கில் ஏறும் தொகை அந்த வருடம் வீரர் கையில் வாங்கும் சம்பளம் அல்ல என்பதுதான். மொத்த ஒப்பந்தத் தொகையை வருடங்களால் வகுத்து வரும் சராசரியே கணக்கில் ஏறும். இந்த வருடம் பாதி சம்பளம் கொடுத்தாலும் சராசரி மாறாது. ஆகவே ஒரு கோடையில் அணிக்கு இருக்கும் இடம் அந்தக் கோடையில் தீர்மானமாவதில்லை. மூன்று, ஐந்து, சில சமயம் ஒன்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ போட்ட கையெழுத்துகள்தான் அதைத் தீர்மானித்திருக்கும். கையெழுத்துப் போட்ட மேலாளர் அதற்குள் வேலை போய் வீட்டில் இருப்பார். கோடையில் மட்டும் ஒரு சலுகை உண்டு: வரம்பை 10 சதவீதம் வரை தாண்டியிருக்கலாம், அக்டோபருக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஜூலையில் துணிச்சலாக வாங்கிய அணி ஒன்று செப்டம்பரில் நல்ல வீரரை ஏறக்குறைய இலவசமாகத் தள்ளிவிடுவதைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தச் சலுகையின் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி எட்மன்டன். 2024 ஜூலை 1 அன்று, ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறந்த முதல் நாளிலேயே அவர்கள் மளமளவென்று கையெழுத்து வாங்கினார்கள். விக்டர் ஆர்விட்சனுக்கு வருடம் 4 மில்லியன், ஆடம் ஹென்ரிக்குக்கு 3, ஜெஃப் ஸ்கின்னருக்கு 3. பத்து மில்லியன் போய்விட்டது. ஸ்கின்னரை முந்தின நாள்தான் பஃபலோ பைஅவுட் செய்து, அதாவது மீதிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்து, வெளியே விட்டிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், கோப்பைக்கு இன்னும் ஒரு படி என்றார்கள். அப்போது புரோபெர்க், ஹாலோவே இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஆனால் அவர்கள் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட்கள். அதாவது வேறு அணிக்கு நினைத்தபடி போக முடியாத வயதும் அனுபவமும் உள்ளவர்கள். இப்படிப்பட்டவர்களை ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் தள்ளிப் போடுவது எல்லா அணிகளின் வழக்கம். எங்கே போய்விடுவார்கள் என்ற தெம்பு. முழுச் சுதந்திரம் உள்ளவர்களை ஜூலை 1 அன்று பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள், நம் வீட்டுப் பையன்கள் காத்திருப்பார்கள் என்ற வரிசை.

அந்த வரிசையைத்தான் செயின்ட் லூயிஸ் பயன்படுத்திக்கொண்டது. விதிப்படி கட்டுப்பாடுள்ள வீரருக்கும் வேறு அணி ‘ஆஃபர் ஷீட்’ கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்டால், பழைய அணிக்கு ஏழு நாள் அவகாசம். அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிட்டு டிராஃப்ட் உரிமைகளை, அதாவது புதிய இளம் வீரர்களை வருடாந்திரத் தேர்வில் சுற்று வாரியாக எடுக்கும் உரிமைகளை, நஷ்டஈடாக வாங்கிக்கொள்ளலாம். நஷ்டஈடு தொகைக்கேற்றபடி படிப்படியாக ஏறும். ஆகஸ்ட் 13 அன்று புளூஸ் கொடுத்த தொகைகளைப் பாருங்கள்: புரோபெர்க்குக்கு வருடம் 45,80,917 டாலர், ஹாலோவேக்கு 22,90,457 டாலர். இந்த உதிரிக் காசு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றும். முதல் தொகை, இரண்டாம் சுற்று உரிமை ஒன்றோடு முடிந்துவிடும் படியின் உச்சம். அடுத்தது, மூன்றாம் சுற்று உரிமையோடு முடியும் படியின் உச்சம். ஒரு டாலர் கூட்டினால் அடுத்த படிக்கு ஏறிவிடும். எட்மன்டனுக்கு எவ்வளவு அதிகம் வலிக்குமோ அவ்வளவும், தனக்கு எவ்வளவு குறைவாகச் செலவாகுமோ அவ்வளவும் என்று அளந்து வைத்த தொகை.

இதற்குப் புளூஸ் முன்னேற்பாடும் செய்திருந்தது. ஜூன் கடைசியில் கெவின் ஹேஸ் என்ற வீரரின் 3.57 மில்லியன் சுமையைப் பிட்ஸ்பர்க் தலையில் ஏற்றியது. சும்மா வாங்க மாட்டார்களே என்று தன் 2025 இரண்டாம் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. ஆனால் ஆஃபர் ஷீட்டுக்கு நஷ்டஈடாகக் கொடுக்க அணியின் சொந்த உரிமைதான் வேண்டும், வேறு அணியிடம் வாங்கியது செல்லாது. எனவே ஆகஸ்டில் அதே உரிமையைப் பிட்ஸ்பர்க்கிடமிருந்து மாற்றிப் பெற்றுவிட்டு, அப்புறம் ஷீட்டை நீட்டியது. அணியின் பொது மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் அன்று காலை எழுந்து யோசித்துச் செய்த காரியம் அல்ல இது என்பது இந்த ஒன்றிலேயே தெரிகிறது.

எட்மன்டன் ஏன் ஈடுகொடுக்கவில்லை? இருவருக்கும் சேர்த்து 6.87 மில்லியன் வேண்டும். அணி ஏற்கெனவே வரம்பை ஒட்டி நின்றது. ஆகஸ்ட் 18 அன்று கோடி சீசியை சான் ஹோசேக்கு மாற்றி 3.25 மில்லியன் இடம் பண்ணியும் பார்த்தார்கள். காயப்பட்டிருந்த எவாண்டர் கேனின் தொகையையும் கணக்கிலிருந்து ஒதுக்க வழி இருந்தது. ஆக, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் எப்படியாவது சமாளித்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். இடித்தது அடுத்த வருடம். அணியின் நட்சத்திரம் லியோன் டிரைசைட்டல் 8.5 மில்லியனில் ஆடிக்கொண்டிருந்தார், ஒப்பந்தத்தில் கடைசி வருடம். எவன் பூஷார் 3.9 மில்லியன், அவருக்கும் அதே கடைசி வருடம். பின்னால் டிரைசைட்டல் 14க்கும் பூஷார் 10.5க்கும் கையெழுத்திட்டார்கள். இருவருக்கும் சேர்ந்த ஏற்றம் மட்டும் 12.1 மில்லியன். வரம்பு அந்த வருடம் ஏறியது 7.5 மில்லியன். ஆகஸ்டில் இந்தச் சரியான தொகைகள் தெரியாவிட்டாலும் திசை தெரியும். புரோபெர்க், ஹாலோவே ஒப்பந்தங்கள் இரண்டு வருடத்துக்கானவை. பிடித்து வைத்தால் இந்த நெருக்கடியின் நடுவில் அவையும் நிற்கும்.

முடிவு சரியா தவறா என்றால் நான் பாதி மனதோடுதான் பதில் சொல்வேன். ஹாலோவே செயின்ட் லூயிஸில் முதல் சீசனிலேயே 63 புள்ளிகள் (அடித்த கோல்களும் உதவிய கோல்களும் சேர்த்து) எடுத்தார். 2.29 மில்லியனுக்கு அது கொள்ளை லாபம். ஆனால் எட்மன்டனில் அவருக்கு அத்தனை ஆட்ட நேரம் கிடைத்திருக்குமா என்பதற்கு எந்தக் கணக்கிலும் விடை இல்லை. எட்மன்டனோ அவர்கள் இல்லாமலே 2025இலும் இறுதித் தொடருக்குப் போய் ஃபுளோரிடாவிடம் மறுபடி தோற்றது. எனக்கு உறுத்துவது வேறு விஷயம்: ஜூலை 1 அன்று வாங்கிய ஆர்விட்சனும் ஸ்கின்னரும் ஒரே வருடத்தில் அணியை விட்டுப் போய்விட்டார்கள். கைதட்டல் வாங்கிய கையெழுத்துகள்தான் இடத்தைத் தின்றன.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த ஆகஸ்டில் எட்மன்டனின் பொது மேலாளர் ஸ்டான் போமன், வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜூலை 1 செலவுகள் அவர் கையெழுத்து அல்ல. அதே போமன் 2010 கோடையில் சிகாகோ பிளாக்ஹாக்ஸின் பொது மேலாளர். சிகாகோ அப்போதுதான் கோப்பை வென்றிருந்தது. பாட்ரிக் கேன், ஜானதன் டேவ்ஸ் இருவருக்கும் தலா 6.3 மில்லியன் ஒப்பந்தம் அந்த சீசனில் தொடங்கவிருந்தது, வரம்பு 59.4 மில்லியன். டஸ்டின் பஃப்லின், ஆண்ட்ரூ லாட், கிரிஸ் வெர்ஸ்டீக் என்று கோப்பை அணியைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து சான் ஹோசே, நிக்லஸ் யால்மர்சன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு நாலு வருடம், 14 மில்லியனுக்கு ஆஃபர் ஷீட் கொடுத்தது. அந்த வசந்தத்தில் சிகாகோ நாலுக்குப் பூஜ்யம் என்று சுத்தமாகத் தோற்கடித்த அதே சான் ஹோசே.

போமன் ஈடுகொடுத்து யால்மர்சனைப் பிடித்துக்கொண்டார். அதில் இடம் கரைந்துவிட்டது. ஜூலை இறுதியில், கோப்பையை வென்று கொடுத்த கோலி (கோல் காப்பாளர்) ஆன்டி நியெமிக்கு வருடம் 2.75 மில்லியன் என்று சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பு வந்தபோது, சிகாகோ அதை ஏற்காமல் அவரை விட்டுவிட்டது. 1.3 மில்லியனுக்கு மூத்த கோலி மார்ட்டி டர்கோவை வைத்துக்கொண்டது. நியெமியை யார் வாங்கினார்கள் தெரியுமா? சான் ஹோசேதான், 2 மில்லியனுக்கு. யால்மர்சன் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்குக் கோலி கிடைத்தார். இதை முதலிலேயே திட்டமிட்டார்களா என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பாதி உத்தி, பாதி அதிர்ஷ்டம் என்றே படுகிறது. ஆனால் ஒன்று நிச்சயம். ஆஃபர் ஷீட்டின் விஷம் அந்த ஒரு வீரரோடு நிற்பதில்லை. அவரைக் காப்பாற்றச் செலவான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய இன்னொருவர் போய்விடுவார். யால்மர்சனோ 2013, 2015 இரண்டு கோப்பைகளிலும் சிகாகோவுக்காக ஆடினார். எனவே போமனின் 2010 முடிவு தவறு என்றும் சொல்வதற்கில்லை.

இடத்தைத் தின்பவர்கள் அணியில் இருப்பவர்கள் மட்டும் அல்ல. மினசோட்டா வைல்டின் கதை அதற்குச் சரியான சாட்சி. 2012 ஜூலை 4 அன்று ஜாக் பரீசே, ரயன் சூட்டர் இருவரையும் ஒரே நாளில் தலா 13 வருடம், 98 மில்லியனுக்கு எடுத்தார்கள். மொத்தத் தொகையை இத்தனை வருடங்களுக்கு நீட்டினால் சராசரி குறையும் என்பதுதான் தந்திரம், தலைக்கு 7.5 மில்லியன் சொச்சம்தான் கணக்கில் ஏறியது. லீக் இதைக் கவனித்து 2013இல் ஒப்பந்தக் காலத்துக்கே வரம்பு போட்டது: சொந்த வீரருக்கு 8 வருடம், வெளியாருக்கு 7. இது மறுபடி சுருங்குகிறது, 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய ஒப்பந்தத்தில் 7, 6. வைல்டுக்கோ 2021இல் இருவரும் வயதாகிப் பாரமாகிவிட்டார்கள். ஒரே நாளில் இருவரையும் பைஅவுட் செய்தது.

பைஅவுட் என்றால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 26 வயதை எட்டியவர் என்றால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதி வருடங்களைப் போல இரு மடங்கு காலத்துக்குக் கொடுக்க வேண்டும், கணக்கிலும் ஏறும். பரீசே, சூட்டர் இருவருக்குமாக வைல்டின் கணக்கில் முதல் வருடம் 4.7 மில்லியன், அடுத்த வருடம் 12.7, அதற்கடுத்த இரண்டு வருடங்களிலும் 14.7. அணியை விட்டே போய்விட்டவர்களுக்காக மினசோட்டா தன் வரம்பில் ஆறில் ஒரு பங்கை வெறுமையாக வைத்திருந்தது. இது முழுத் தெளிவோடு எடுத்த முடிவு. எந்த வருடம் எவ்வளவு வலிக்கும் என்பது பைஅவுட் செய்த அன்றே அட்டவணையில் இருந்தது.

அந்த வலியின் முதல் பலி கெவின் ஃபியாலா. 2021-22இல் 85 புள்ளிகள் எடுத்தவர், சம்பள உயர்வுக்குத் தகுதியானவர், இடம் இல்லை. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றார்கள். அங்கே அவருக்கு வருடம் 7.875 மில்லியன் கிடைத்தது. பதிலுக்கு வந்த வீரர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த புராக் ஃபேபர். இரண்டே வருடத்தில் அவர் அணியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் ஆகிவிட்டார், அதுவும் ஒரு மில்லியனுக்குக் கீழான தொடக்கச் சம்பளத்தில். கழுத்தில் கத்தி வைத்துச் செய்த வியாபாரம் இப்படியும் முடியும். இதைக் காட்டி, நெருக்கடி நல்லது, புத்திசாலியாக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த நான்கு வருடங்களில் வைல்ட் ஒரு பிளேஆஃப் தொடர்கூட (வழக்கமான சீசன் முடிந்த பின் கோப்பைக்காக நடப்பது) வெல்லவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது பாதிக்கு வருகிறேன்: இடம் அதிகமிருந்தால் நல்லதுதானே? எனக்குத் தெரிந்த பதில், எவ்வளவு இருக்கிறது என்பதைவிட மற்றவர்களிடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு காலி சீட்டுக்கு உள்ள மதிப்பு, அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அதே சீட்டுக்கு இருக்காது. கொரோனா வந்து அரங்கங்கள் மூடியபோது வருமானம் சரிந்து, வரம்பு 81.5 மில்லியனிலேயே மூன்று சீசன் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு வருடங்களிலும் ஒவ்வொரு மில்லியன்தான் ஏறியது. அதற்கு முன்னால், வரம்பு வருடா வருடம் ஏறும் என்று நம்பிப் பெரிய ஒப்பந்தங்கள் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 2018 ஜூலைக்கும் 2019 செப்டம்பருக்கும் இடையில் டவாரஸ், நைலாண்டர், மேத்யூஸ், மார்னர் என்ற நால்வருக்குப் போட்ட கையெழுத்துகள் சேர்ந்து 40.5 மில்லியன், நின்றுபோன வரம்பில் பாதி. அவர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் 2019இல் இருந்துகொண்டு 2020ஐப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வறட்சிக் காலத்தில் காலி இடம் வைத்திருந்த அணிகள் ராஜாக்கள். 2021 ஜூனில் சிறந்த கோலிக்கான வெசினா விருது வாங்கிய மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை, அடுத்த மாதமே வேகாஸ் சிகாகோவுக்கு ஏறத்தாழ சும்மா கொடுத்தது. தேவைப்பட்டது அவருடைய 7 மில்லியன் இடம். 2022இல் கொலம்பஸ், இப்போது மறைந்துவிட்ட ஜானி காட்ரோவை எடுத்து, பாட்ரிக் லைனேயையும் நிறுத்திக்கொண்ட கையோடு, 28 கோல் அடித்த ஆலிவர் பியோர்க்ஸ்ட்ராண்டை மூன்றாம், நான்காம் சுற்று உரிமைகளுக்காக சியாட்டிலுக்கு அனுப்பியது. சியாட்டில் புதிய அணி. பழைய கையெழுத்துகளின் சுமை அதற்குக் குறைவு. இந்த வியாபாரத்தைக் கொரோனாவுக்கு முன்பே கலையாக வளர்த்தது அரிசோனா. 2016இல் பவெல் டட்சுக் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார், ஆனால் டெட்ராய்ட் கணக்கில் அவருடைய 7.5 மில்லியன் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசோனா அதை வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாக டிராஃப்டில் 20ஆம் இடத்திலிருந்து 16ஆம் இடத்துக்கு ஏறியது. அந்த இடத்தில் ஜேகப் சிக்ரனை எடுத்தது. ஆடாத வீரரை வாங்கியதால் ஆடும் வீரர் கிடைத்தார், குறைந்தபட்சம் செலவழிக்க வேண்டிய தொகையையும் தொட்டாயிற்று. ஆனால் இப்படியே பல வருடம் ஓட்டிய அரிசோனா அந்த ஊரில் ஒரு நல்ல அணியைக் கட்டவே இல்லை. இடம் வைத்திருப்பது மட்டும் ஒரு திட்டம் ஆகாது.

2025இல் நிலைமை தலைகீழானது. அந்த ஜனவரியிலேயே லீக்கும் வீரர் சங்கமும் மூன்று வருடத்து வரம்பை முன்கூட்டி அறிவித்தன: 95.5, பிறகு 104, பிறகு 113.5 மில்லியன். திடீரென்று எல்லாரிடமும் காசு. விளைவு என்னவென்றால், ஜூலை 1 சந்தை சப்பென்று போனது. ஒவ்வோர் அணியும் தன் ஆளைத் தானே நிறுத்திக்கொள்ள முடிந்ததால் சந்தைக்கு வந்தவர்களே குறைவு. கோப்பை வென்ற ஃபுளோரிடா பாந்தர்ஸ், சாம் பென்னட் (வருடம் 8 மில்லியன்), ஆரன் எக்ப்ளாட் (6.1), பிராட் மார்ஷண்ட் (5.25) மூவரையும் வைத்துக்கொண்டது. பழைய காலமாக இருந்தால் மூவரில் இருவர் போயிருப்பார்கள். மிட்ச் மார்னர் மட்டும் சந்தை திறக்குமுன்பே டொராண்டோவிலிருந்து வேகாஸுக்கு மாறினார், 8 வருடம், வருடத்துக்கு 12 மில்லியன். 20 மில்லியன் இடம் வைத்துக்கொண்டு அந்தக் கோடையில் இறங்கிய அணிக்கு வாங்க ஆளில்லை. 2021இல் அதே 20 மில்லியன் இருந்திருந்தால் பாதி லீக் அந்த அணியின் வாசலில் நின்றிருக்கும்.

இனி சந்தேகமான பகுதி. ஃபுளோரிடா, டெக்சஸ், நெவாடா போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை. அதனால் அங்கே அணிகள் குறைந்த தொகைக்கு வீரர்களைப் பிடிக்க முடிகிறது, கோப்பைகளும் அங்கே போகின்றன என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வரி வித்தியாசம் உண்மை. ஒண்டாரியோவில் உச்ச விகிதம் 53 சதவீதத்துக்கு மேல். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்குப் பல மாநிலங்கள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வதால் வித்தியாசம் பேசப்படும் அளவுக்கு வராது. தவிர, இதே வரிச் சலுகையோடு இதே ஃபுளோரிடா பாந்தர்ஸ் 1996க்குப் பிறகு 2022 வரை ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வென்றதில்லை. வரி ஒரு காரணம். கோப்பைக்கு அதுவே காரணம் என்பதை நான் நம்பவில்லை. வீரர்கள் ஊருக்காகவும் நண்பர்களுக்காகவும் தொகையைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதும் அப்படித்தான்: நடக்கிறது, எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. எந்த வீரரிடம் எந்தெந்த அணிக்குப் போக மாட்டேன் என்ற பட்டியல் இருக்கிறது என்பதும் பெரும்பாலும் வெளியே வராது. “இவரை ஏன் அந்த அணிக்கு விற்கவில்லை?” என்று நாம் வீட்டிலிருந்து கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

காயப்பட்டவர் கணக்கைப் பற்றியும் சுருக்கமாக. நீண்ட காயத்தில் இருப்பவரின் தொகையளவுக்கு வரம்பைத் தாண்ட விதி அனுமதிக்கிறது. 2020-21இல் டாம்பா பே இதன்படி நிகிதா குசெரோவ் இல்லாமல் வழக்கமான சீசனை முழுவதும் ஆடியது. வரம்பு பொருந்தாத பிளேஆஃபில் அவர் திரும்பி வந்து அதிகப் புள்ளிகள் எடுத்தார், கோப்பையும் வந்தது. விதி மீறல் இல்லை. அறுவை சிகிச்சை உண்மையானது. எரிச்சல் மட்டும் பல வருடம் நீடித்தது. 2025-26 முதல் பிளேஆஃபில் களமிறங்கும் வீரர்களின் தொகையும் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், கோடையில் இதை நம்பித் திட்டம் போடும் வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது.

அடுத்த ஜூலையில் செய்திகளைப் பார்க்கும்போது, டாலரை விட்டுவிட்டு வரம்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிரில் கப்ரிசோவ் 2025 செப்டம்பரில் மினசோட்டாவோடு வருடத்துக்கு 17 மில்லியனுக்குக் கையெழுத்திட்டபோது உலகமே வாயைப் பிளந்தது, லீக் வரலாற்றிலேயே பெரிய தொகை. 104 மில்லியன் வரம்பில் அது 16.3 சதவீதம். சிட்னி கிராஸ்பி 2008-09இல் தொடங்கிய 8.7 மில்லியன் ஒப்பந்தம் அன்றைய 56.7இல் 15.3 சதவீதம், பெரிய தூரம் இல்லை. எட்மன்டனின் கானர் மெக்டேவிட்டைப் பாருங்கள். 2018-19இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் 12.5 மில்லியன், அன்றைய 79.5இல் 15.7 சதவீதம். 2025 அக்டோபரில் அவர் இன்னும் இரண்டு வருடத்துக்கு அதே 12.5க்குக் கையெழுத்திட்டார், ஆனால் 104இல் அது 12 சதவீதம்தான். பழைய பங்கையே கேட்டிருந்தால் 16 மில்லியனைத் தாண்டியிருக்கும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3.8 மில்லியன் இடத்தை, அதுவும் இரண்டே வருடத்துக்கு, அணியின் கையில் வைத்திருக்கிறார். 2026 ஜூலை 1 அன்று எட்மன்டன் யாரை எடுத்தது என்பதைவிட, அந்த 3.8 மில்லியனை எத்தனை வருட ஒப்பந்தத்தில் போட்டது என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.